மாடிவீட்டு அக்காவுக்கு ஒரு தொந்தரவும் இல்லை

பெங்களூரில் நான் குடியிருந்த வீடுகளின் சொந்தக்காரர்களைப் பற்றி எழுதச் சொன்னால் ஒரு புத்தகம் தேறும். அதில் பாதி வசவாகத்தான் இருக்கும். திருவண்ணாமலையிலிருந்து வேலைக்கு வந்த கல்யாணமாகாத பெண்ணுக்கு வீடு கொடுப்பதற்குள் அவர்கள் கேட்கிற கேள்விகளைப் போலீஸ் ஸ்டேஷனில்கூடக் கேட்க மாட்டார்கள். லிங்கராஜபுரத்து மாடிவீட்டு அக்கா என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "காலையில தண்ணி மெதுவா வரும் கண்ணு, ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிப்பியா?" பண்ணிக்கொள்கிறேன் என்றேன். குடிபோய்ப் பார்த்தால் கீழ்வீட்டுக் குழாயில் தண்ணீர் நன்றாகத்தான் வந்தது. நான் குளித்து ஆபீசுக்குக் கிளம்பும் வரை மாடியில் அவர் குழாயைத் திறப்பதே இல்லை என்பது எனக்குத் தெரிய ரொம்ப நாளாயிற்று.

கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள் என்கிற அந்த 'ஸ்வல்ப அட்ஜஸ்ட்' இந்த ஊரில் எல்லாருடைய வாயிலும் இருப்பதுதான். மற்றவர்கள் அதை அடுத்தவரிடம் சொல்வார்கள். பஸ்ஸில் மூன்று பேர் உட்கார்ந்திருக்கும் சீட்டில் நாலாவதாக இடித்துக்கொண்டு வருகிறவர் சொல்வார். அக்கா அதைத் தனக்குத் தானே சொல்லிக்கொள்வார். எதிர்வீட்டுக்காரர் தன் ஸ்கூட்டரை அக்காவின் கேட்டை ஒட்டித்தான் நிறுத்துவார். கேட் முழுசாகத் திறக்காது. அக்கா பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, பக்கவாட்டில் நுழைந்து போவார். வருஷக்கணக்கில் அப்படித்தான் சர்ச்சுக்குப் போய் வந்திருக்கிறார்.

எனக்கு நேர் எதிர் சுபாவம். எனக்கு வாய் நீளம் என்று எங்கள் அம்மாவே சொல்வாள். குடிவந்த முதல் வாரத்திலேயே அந்த மனிதரைத் தெருவில் நிறுத்தி நன்றாக நாலு கேள்வி கேட்டேன். ஸ்கூட்டர் இடம் மாறியது. அன்று சாயங்காலம் அக்கா ஒரு தட்டு நிறைய அச்சு முறுக்கு சுட்டு எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய், "சின்னப் பொண்ணு, ஊருக்குப் புதுசு, மனசுல வெச்சுக்காதீங்க" என்று சமாதானம் சொல்லிவிட்டு வந்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பொறுத்தார் பூமியாள்வார் என்கிறார்களே, நீங்கள் வாசல் கேட்டைக்கூட ஆளவில்லையே என்று கேட்டேன். சிரித்தார். அவருக்கு முன்பல்லுக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டை இருக்கும். சிரித்தால் அது தெரியும்.

அந்த ஓட்டைக்கும் ஒரு கதை இருந்தது. பல்வலி என்று போனவருக்கு டாக்டர் வலிக்கிற பல்லை விட்டுவிட்டுப் பக்கத்துப் பல்லைப் பிடுங்கிவிட்டாராம். பிடுங்கின பிறகு டாக்டரின் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்து அக்காதான் அவருக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறார், இதுவும் என்றைக்காவது வலிக்கத்தானே போகிறது என்று. சரியான பல்லைப் பிடுங்க மறுவாரம் போனதும் அதே டாக்டரிடம்தான். வேறு இடத்துக்குப் போனால் அவர் மனசு நோகுமாம்.

இதையெல்லாம் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்த காலமும் உண்டு. சிரிப்பு எப்போது நின்றது என்றும் எனக்குத் தெரியும். மார்பில் வந்த கட்டியை அவர் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார். சந்தாபுராவில் இருக்கும் தங்கை வீட்டில் கல்யாணம், அது முடியட்டும். சர்ச்சில் திருவிழா, அதுவும் முடியட்டும். டாக்டரிடம் போனபோது கட்டி அக்குள் வரை போயிருந்தது. ஆபரேஷன், கீமோ எல்லாம் நான் குடிவருவதற்கு முன்னாலேயே நடந்து முடிந்திருந்தன. புருஷன் எப்போதோ காலமாகிவிட்டார், பிள்ளை இல்லை. கீமோவுக்குத் தனியாகப் பஸ்ஸில் போய்ப் பஸ்ஸில் வந்தாராம். அதைக்கூட எனக்கு அவர் சொல்லவில்லை, தங்கைதான் ஒருநாள் சொல்லி அழுதார்.

நான் வந்த மூன்றாம் வருஷம் அது திரும்பி வந்தது. இந்தத் தடவை ஈரலில். ரிப்போர்ட் இங்கிலீஷில் இருந்ததால் கீழே இறங்கி வந்து என்னிடம் நீட்டினார். படித்தேன். மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நீ சாப்பிட்டாயா என்று கேட்டார்.

அன்றிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். வேண்டாம் வேண்டாம் என்றார். நான் கேட்கவில்லை. டாக்டர் கன்னடக்காரப் பெண்மணி. நிதானமானவர், நாம் அழுதால் அழுது முடியும் வரை காத்திருப்பார். இரண்டு வழி இருக்கிறது என்றார். ஒன்று, இந்தக் கட்டத்தில் எல்லாருக்கும் கொடுக்கிற வழக்கமான மருந்து. இன்னொன்று, புதிதாக ஒரு மருந்து வந்திருக்கிறது, அது வழக்கமான மருந்தைவிட நன்றாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஓர் ஆராய்ச்சி நடக்கிறது, விருப்பமிருந்தால் அதில் சேரலாம்.

ஆராய்ச்சி என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் அக்கா என்ன எலியா என்று கேட்டேவிட்டேன். டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, பிறகு கொஞ்சம் மனிதர்களுக்குக் கொடுத்து எந்த அளவு தாங்கும் என்று பார்த்து, அதெல்லாம் தாண்டித்தான் இந்த மருந்து இங்கே வந்திருக்கிறது என்றார். பாதிப் பேருக்கு வெறும் சர்க்கரைத் தண்ணீரை ஏற்றி ஏமாற்றுவீர்களாமே என்று அடுத்த கேள்வியைப் போட்டேன். ராத்திரியெல்லாம் போனில் படித்துவிட்டுத்தானே வந்திருந்தேன். அப்படி இல்லை, புதுமருந்து கிடைக்காதவர்களுக்கு வழக்கமான மருந்து கிடைக்கும், யாரையும் வைத்தியம் இல்லாமல் விடமாட்டோம் என்றார். யாருக்கு எது என்பதை டாக்டர் முடிவு செய்ய முடியாது, கம்ப்யூட்டர்தான் சீட்டுக் குலுக்குவது போலப் பிரிக்கும்.

"கம்ப்யூட்டருக்கு என் பேர் தெரியுமா?" என்று அக்கா கேட்டார். தெரியாது, ஒரு நம்பர்தான் தெரியும் என்றார் டாக்டர். அப்படியென்றால் சரி, சிபாரிசு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்று அக்கா நிம்மதியானார்.

சம்மதப் படிவத்தைத் தமிழிலேயே கொடுத்து, வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படியுங்கள், யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள், அவசரமில்லை என்று அனுப்பினார்கள். தெருவில் ஆளுக்கொன்று சொன்னார்கள். சேராதே, உன்னை வைத்துப் பரீட்சை பார்ப்பார்கள் என்றார் எதிர்வீட்டுக்காரர். ஏன் யோசிக்கிறாய், புதுமருந்து என்றால் நல்ல மருந்துதான் என்றார் தங்கை. நான் படிவத்தை வரிவரியாகப் படித்து, சந்தேகம் வந்த இடத்தில் எல்லாம் பேனாவால் கோடு போட்டேன். கடைசியில் கோடு இல்லாத பக்கமே இல்லை. அக்கா ஒரு தடவை படித்துவிட்டு மடித்து பைபிளுக்குள் வைத்தார்.

கையெழுத்துப் போடுகிற நாளில் ஒரு சின்ன அறையில் கேமரா வைத்திருந்தார்கள். யாரையும் கட்டாயப்படுத்திக் கையெழுத்து வாங்கவில்லை என்பதற்காகப் பதிவு செய்வார்களாம். டாக்டர் எல்லாவற்றையும் மறுபடி சொல்லிவிட்டு, புரிந்ததா என்று கேட்டார். அக்கா பலமாகத் தலையாட்டினார்.

"புரிஞ்சதை உங்க வாயால சொல்லுங்கம்மா."

அக்கா கேமராவைப் பார்த்து, பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் ஒப்பிப்பது போல நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, "நீங்க நல்ல மருந்து குடுப்பீங்க, நான் நல்லாயிடுவேன், உங்களுக்கு ரொம்ப நன்றி" என்றார்.

டாக்டர் பேனாவை மூடிவைத்தார். இல்லை என்றார். இது நல்ல மருந்தா என்று எங்களுக்கே இன்னும் தெரியாது, தெரியாததால்தான் இந்த ஆராய்ச்சி, உங்களுக்குக் குணமாகும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், விலகினாலும் உங்களை இதே போலத்தான் பார்ப்போம். உடம்பில் எந்தத் தொந்தரவு வந்தாலும், அது சின்னதோ பெரியதோ, மருந்தால் வந்ததோ வேறெதனாலோ, எங்களிடம் சொல்ல வேண்டும். அது ஒன்றுதான் நான் உங்களிடம் கேட்பது என்றார். அக்கா அமைதியாகக் கேட்டார். வெளியே வந்ததும், தெரியாது என்று சொல்கிற டாக்டரை இப்போதுதான் பார்க்கிறேன், இவரை நம்பலாம் என்றார். எனக்கோ அதே பேச்சைக் கேட்ட பிறகு அவரை அப்படியே வீட்டுக்குக் கூட்டிப்போய்விடலாமா என்றிருந்தது.

கம்ப்யூட்டர் அவருக்குப் புதுமருந்தைக் கொடுத்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை போய்ச் சலைன் போலக் கையில் ஏற்றிக்கொண்டு வரவேண்டும். முதல் ஸ்கேனிலேயே ஈரலில் இருந்தது சுருங்கியிருந்தது. அன்றைக்கு ஆட்டோவில் வரும்போது நான் அழுதேன், அக்கா பாட்டுப் பாடினார்.

அதற்குப் பிறகு அந்த மருந்தின் மீது அவருக்கு ஒரு வாஞ்சை வந்துவிட்டது. 'அந்தப் புள்ள' என்றுதான் சொல்வார். அந்தப் புள்ளை நன்றாகத்தான் வேலை செய்கிறது, அந்தப் புள்ளை பாஸாகிவிட வேண்டும் என்று ஜெபம் செய்வார். மருந்து பரீட்சை எழுதிக்கொண்டிருப்பதாகவும், மார்க் போடுவது தன் கையில் இருப்பதாகவும் அவருக்கு ஒரு நினைப்பு. மார்க்கைக் குறைக்க அவருக்கு மனசு வருமா?

கோஆர்டினேட்டர் என்று ஒரு பெண் இருந்தாள். நோயாளிகளை விசாரித்து, வேண்டியதைக் கவனித்துக்கொள்வது அவள் வேலை. ஓசூர்க்காரி, ஆன்ட்டி ஆன்ட்டி என்று உயிரை விடுவாள். வாரம் தவறாமல் போன் செய்து, வாந்தி இருக்கிறதா, வயிற்றுப்போக்கு இருக்கிறதா, வாய்ப்புண், தலைசுற்றல், இருமல் என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். "ஒண்ணும் இல்லம்மா, நல்லா இருக்கேன். நீ சாப்பிட்டியா? குரல் ஏன் கம்மிப்போய்க் கெடக்குது?" என்று அக்கா அவளை விசாரிக்க ஆரம்பித்துவிடுவார். டாக்டர் கேட்டால் கன்னடத்தில் அதே பதில். ஏனூ இல்லா, சென்னாகித்தீனி. ஒன்றுமில்லை, நன்றாயிருக்கிறேன். அதைச் சொல்வதற்குப் பத்து நிமிஷம் முன்னால்தான் ஆஸ்பத்திரி பாத்ரூமில் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்திருப்பார். நான் வாயைத் திறந்தால் என் கையைப் பிடித்து அழுத்துவார். அழுத்துகிற அழுத்தில் வளையல் உடைந்துவிடும் போலிருக்கும்.

வாந்தியோடு போயிருந்தால் நானும் விட்டிருப்பேன். ஒருநாள் காலையில் மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, பாதியில் நின்றது. யாராவது வந்திருக்கிறார்களோ என்று எட்டிப் பார்த்தேன். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். மறுநாளும் நின்றார். பிறகு இருமல். காய்ந்த இருமல், சளி கிடையாது. கேட்டால் மெட்ரோ வேலை நடக்கிறதல்லவா, ஊரெல்லாம் தூசி என்றார். லிங்கராஜபுரத்தில் எல்லாருக்கும்தானே இருமல் என்றார். சர்ச்சில் பாடல் குழுவில் பாடுகிறவர் பாடாமல் உதட்டை மட்டும் அசைக்கிறார் என்று கூடப் பாடுகிற ஒரு அம்மா என்னிடம் வந்து சொன்னார்.

நான் சமையலைப் பாதியில் விட்டுவிட்டு, அரைத்த மசாலா ஒட்டின கையோடு மாடிக்குப் போனேன். மூச்சு வாங்குகிறதா இல்லையா, உண்மையைச் சொல்லுங்கள் என்றேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து கதவைச் சாத்தினார். அதற்கே அவருக்கு மூச்சு இரைத்தது.

"சொன்னா மருந்தை நிறுத்திடுவாங்க கண்ணு. அந்த ரிப்போர்ட்ல எவ்வளவு சுருங்கிக்கீதுன்னு நீதான படிச்ச? கொஞ்சம் மூச்சு வாங்குது, இன்னா இப்ப? வயசானா வாங்காதா? ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம். நீ சொல்ல மாட்டேன்னு என் தலையில அடிச்சு சொல்லு."

சத்தியம் செய்யாமல், என் கையைப் பிடித்திருந்த அவர் கையை விலக்கிவிட்டுக் கீழே வந்துவிட்டேன்.

அந்த இரண்டு நாளும் நான் பட்ட பாட்டை எதிரிகூடப் படக் கூடாது. படிவத்தை எடுத்து மறுபடி படித்தேன். நுரையீரலில் சிலருக்குப் பாதிப்பு வரலாம் என்று எங்கேயோ ஒரு மூலையில் இருந்தது. சொன்னால் மருந்தை நிறுத்துவார்கள். நிறுத்தினால் ஈரலில் இருப்பது மறுபடி வளரும். சொல்லாவிட்டால் இந்த மூச்சு எங்கே போய் நிற்கும்? ஆபீஸ் மீட்டிங்கில் யாரோ என் பேரைக் கூப்பிடுகிறார்கள், எனக்குக் காதில் விழவில்லை. மாடியில் இருமல் சத்தம் கேட்டாலும் பயம், கேட்காவிட்டாலும் பயம். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். இந்தப் பிள்ளை அழுதால் இருக்கிற பாலையும் பிடுங்கிக்கொள்வார்களே.

மூன்றாம் நாள் காலையில் படியில் காலடிச் சத்தமே கேட்கவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தேன். படியின் நடுவில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். உதடு நீலமாக இருந்தது. போனை எடுத்து, அவர் கண்ணெதிரிலேயே கோஆர்டினேட்டரைக் கூப்பிட்டு, இருமல், மூச்சு, வாந்தி, எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினேன். அக்கா கையை நீட்டிப் போனைப் பிடுங்கப் பார்த்தார். கை எட்டவில்லை. அந்தப் பெண் ஒரு வார்த்தைகூட அதிகம் பேசவில்லை. உடனே கூட்டி வாருங்கள், இப்போதே என்றாள்.

எதிர்வீட்டுக்காரர்தான் அக்காவைத் தூக்கி ஆட்டோவில் உட்காரவைத்தார். ஆக்சிஜன் வைத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். நுரையீரல் இரண்டிலும் அழற்சி என்றார்கள். கிருமியால் வந்ததல்ல, மருந்தால். மருந்தை நிறுத்தியாகிவிட்டது, இனி அதைத் தர முடியாது, ஸ்டீராய்டு கொடுத்துப் பார்ப்போம் என்றார் டாக்டர். சரியாகிவிடுமா என்று கேட்டேன். தெரியாது என்றார். முன்பு அக்காவுக்குப் பிடித்திருந்த அந்தச் சொல்லை அன்று கேட்டபோது அந்த அம்மாவை அறைந்துவிடலாம் போலிருந்தது எனக்கு.

சில நாளில் ஆக்சிஜன் எடுக்கிற அளவுக்குத் தேறினார். அன்று டாக்டர் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். எப்போதிலிருந்து மூச்சு வாங்கியது என்று கேட்டார். அக்கா ஜன்னலைப் பார்த்தார். நான் பதில் சொல்லப் போனேன், டாக்டர் கையமர்த்தினார். உங்களுக்குக் கோபம் வரும் என்றுதான் சொல்லவில்லை, மருந்துக்குக் கெட்ட பேர் வரும் என்றுதான் சொல்லவில்லை, யாருக்கும் தொந்தரவு தர எனக்குப் பிடிக்காது என்று அக்கா மெல்லச் சொன்னார்.

டாக்டர் தனக்குத் தெரிந்த தமிழில் பேசினார். "நீங்க நல்லா இருக்கேன்னு சொன்னா, நான் அதைத்தான் எழுதுவேன். உங்களை மாதிரி நாலு பேர் சொன்னா, இந்த மருந்து நுரையீரலை ஒண்ணும் செய்யாதுன்னு ஆயிடும். அப்புறம் வர்றவங்களுக்கு அதை நம்பித்தான் குடுப்போம். அவங்களுக்குப் படியில மூச்சு வாங்கினா, யாருக்கும் தெரியாதேம்மா."

அக்காவின் முகம் போன போக்கை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. நோய் திரும்பி வந்த அன்றுகூட அப்படி ஆகவில்லை. ஒரு மனுஷருக்கும் தொந்தரவாக இருக்கக் கூடாது என்று வாழ்ந்த பிறவிக்கு, முகம் தெரியாத யார் யாருக்கோ தொந்தரவு வைக்கப் பார்த்தாய் என்று சொன்னால் எப்படி இருக்கும்? சத்தமே இல்லாமல் அழுதார். டாக்டர் வழக்கம் போலக் காத்திருந்தார்.

வீட்டுக்கு வந்த பிறகு என்னோடு பேசவில்லை. எதிர்வீட்டுக்காரரோடு பேசினார், பால்காரரோடு பேசினார், நான் கஞ்சி கொண்டுபோய் வைத்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அது வலித்தது. இருந்தாலும் உள்ளுக்குள் ஒரு மூலையில் சந்தோஷமாகவும் இருந்தது. அக்காவுக்குக் கோபம் வரும் என்பதையே அப்போதுதான் பார்க்கிறேன். அந்தக் கோபம் நியாயமானதா, நான் செய்தது சரிதானா என்று தினமும் படுக்கையில் புரண்டேன். ஈரலில் இருப்பது வளர ஆரம்பித்துவிட்டால் என்ன செய்வேன்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவரே மெல்லப் படியிறங்கி வந்து என் சமையலறை வாசலில் நின்றார். நான் உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தேன். நாற்காலியைப் போட்டேன். உட்கார்ந்தார்.

"எல்லாரும் என்னைப் பொறுமைக்காரின்னு சொல்றாங்க. நீயும் அப்படித்தான நெனச்ச? பொறுமையும் இல்ல, ஒண்ணும் இல்ல கண்ணு. பயம். சின்னதுல அத்தை வீட்ல வளந்தேன். தொந்தரவு பண்ணாத புள்ளைன்னு பேர் இருக்கிற வரைக்கும்தான் சோறு. அந்தப் பயம் இன்னிக்கு வரைக்கும் போவல. தொந்தரவு குடுத்தா உட்ருவாங்கன்னு... மருந்தும் உட்ரும், டாக்டரும் உட்ருவாங்க, நீயும் உட்ருவன்னு."

கத்தியைக் கீழே வைத்துவிட்டு, நான் விடமாட்டேன் அக்கா என்று சொல்ல நினைத்தேன், உருளைக்கிழங்கு வறுக்கவா குழம்பு வைக்கவா என்றுதான் வாயில் வந்தது. அவர் கொஞ்சம் யோசித்தார். உன் வறுவலில் உப்பு எப்போதுமே ஜாஸ்தி, குழம்பு வை என்றார். மூன்று வருஷமாக என் வறுவலை நன்றாயிருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டவர்!

அதற்குப் பிறகு வந்த மாதங்களை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வரும். புதுமருந்து நின்றாலும் ஆராய்ச்சியிலிருந்து அவரை யாரும் துரத்தவில்லை. எப்படி இருக்கிறார் என்று தொடர்ந்து விசாரித்தார்கள், வழக்கமான மருந்தை ஆரம்பித்தார்கள். அக்கா மொத்தமாக மாறிவிட்டார் என்று சொன்னால் பொய். பாதி நாள் பழையபடி ஒன்றுமில்லை என்பார், கொஞ்ச நேரம் கழித்து, இல்லை, இருக்கிறது என்று திருத்துவார். கோஆர்டினேட்டர் பெண்ணுக்கு இவரே போன் போட்டு, கட்டைவிரல் நகம் கறுத்திருக்கிறது, காப்பி கசக்கிறது, நேற்று விக்கல் நிற்கவில்லை என்று சொல்வார். ஆன்ட்டி, விக்கலையும் எழுதிக்கொண்டேன் என்று அவள் சிரிப்பாள். ஒருநாள் அவள் சொன்னாள், இவரைப் போல வேறு ஊர்களிலும் சிலருக்கு மூச்சுத் தொந்தரவு வந்திருக்கிறதாம். புதிதாகச் சேருகிறவர்களின் படிவத்தில் இருமல் வந்தால் அன்றே சொல்லுங்கள் என்று முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறார்களாம். அக்கா அதைக் கேட்டுவிட்டு, பெரிய எழுத்தில் போட்டிருக்கிறீர்களா என்று விசாரித்தார்.

ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தார். நான் பயந்தபடியே ஈரலில் மறுபடி வளர்ந்தது. அன்று நான் போன் செய்யாமல் இருந்திருந்தால் என்று நான் கேட்டதே இல்லை, அவர் சொன்னதும் இல்லை. டாக்டர்தான் ஒருமுறை தானாகவே சொன்னார், அந்த நுரையீரலோடு இன்னொரு டோஸ் ஏற்றியிருந்தால் அந்த வாரமே போயிருப்பார் என்று. அதைக் கேட்டுக்கொண்டேன். ஆறுதலா என்றால், சொல்லத் தெரியவில்லை.

கடைசியாக ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று மத்தியானம், வார்டில் ஜன்னலோரக் கட்டில். தங்கை சாப்பிடப் போயிருந்தார், நான் மட்டும் இருந்தேன். அக்கா முழங்காலை மடித்து ஒருக்களித்துப் படுத்து, போர்வை நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார். ஒரு நர்ஸ் வந்து நாடி பார்த்தாள். சின்னவள், அவளுக்கும் அன்று நிறைய வேலை. வலி எப்படி இருக்கிறது, சுத்தமாக இல்லை என்றால் பூஜ்யம், தாங்கவே முடியாது என்றால் பத்து, நீங்கள் எத்தனை சொல்வீர்கள் என்று கேட்டாள். அந்தப் பெண்ணின் களைத்த முகத்தை அக்கா பார்ப்பதை நான் பார்த்தேன். ஒன்று என்று சொல்லிவிடுவார், நீ சாப்பிட்டியா என்று கேட்டுவிடுவார். நான் முந்திக்கொண்டு சொல்ல வாயெடுத்தேன்.

அக்கா வாயிலிருந்து போர்வையை எடுத்தார்.

"எட்டும்மா," என்றார். மூச்சு இழுத்துக்கொண்டு, "இல்ல, பொய் சொல்றேன். ஒம்பது. ஒம்பதுன்னே எழுதிக்க. ரொம்ப வலிக்குது."

நர்ஸ் ஓடிப்போய் டாக்டரைக் கூட்டி வந்தாள். ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் நெற்றிச் சுருக்கம் பிரிந்து, காலை நீட்டிப் படுத்தார். கட்டிலின் நடுவில், இரண்டு கையையும் விரித்து, ஒரு ஆளுக்கு எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவையும் எடுத்துக்கொண்டு தூங்கினார்.